கிங்ஸ்ரன் றோட்டால் கிங்ஸ்ரனுக்கு

எங்கள் ஆட்களில் கனபேருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, லைசென்ஸ் இருக்கிறது, ஹைவே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், மோர்னிங்சைட்டில் வீடு. தமிழ்க் கடைக்கோ கோயிலுக்கோ பல் டொக்டரிடமோ, எங்கே போவதென்றாலும் உள்றோட்டுகளால் போய் உள்றோட்டுகளால் வருவேன். ஹைவேயில் கால் மணித்தியாலத்தில் போகிற இடத்துக்கு முக்கால் மணித்தியாலம் கார் ஓடுவேன். ஏன் என்று யாராவது கேட்டால், "எனக்கென்ன அவசரம்" என்பேன். பொய். பயம்தான்.

நான் லைசென்ஸ் எடுத்த விதமும் அப்படி. ரொறன்ரோவில் சோதனை கடுமை, சின்னப் பிழைக்கும் ஃபெயில் பண்ணிவிடுவார்கள் என்று ஒரு கதை. அதனால் எங்கள் ஆட்கள் வடக்கே நெடுந்தூரம் ஓடி ஒரு சின்ன ஊரில் போய்ச் சோதனை எடுப்பார்கள். நானும் போனேன். அந்த ஊரில் ஹைவே என்பது போக ஒரு லேன், வர ஒரு லேன். எனக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே ஊர்ந்து போய், திரும்பி வந்து, பாஸ். அன்றிலிருந்து சட்டப்படி கனடாவில் எந்த ஹைவேயிலும் நான் ஓடலாம். ஆனால் ரொறன்ரோவுக்குக் குறுக்கே போகிற 401 என்ற பெரிய ஹைவேயில் ஒரு நாளும் ஏறியதில்லை.

ஏற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இவர் ஓடுவார். இவர் என்றால் என் கணவர்.

இவர் என்னை எங்கெல்லாம் கொண்டுபோனார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மற்றப் பெண்களை அவர்களுடைய கணவர்மார் நயாகராவுக்குக் கொண்டுபோனார்கள். என்னை இவர் ஃபுட்போல் மட்சுக்குக் கொண்டுபோனார். எங்கள் ஊர்க் காற்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு இடித்து ஓடுகிற கனடா ஃபுட்போல். ஹமில்ரன், குவெல்ஃப், வாட்டர்லூ, கனடாவில் இருக்கிற லண்டன், வின்சர், ஒட்டாவா, கிங்ஸ்ரன். எங்கெங்கே பல்கலைக்கழகப் பெடியள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதினார்களோ அங்கெல்லாம் நான் போயிருக்கிறேன்.

அது தொடங்கியது வேலை செய்த இடத்தில். கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தோம். நடந்து போகிற தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்குக் காஷில், காசு வாங்குகிற இடத்தில், வேலை கிடைத்தது. இளைப்பாறும் வரைக்கும் அங்கேதான் நின்றேன். காலையில் ஒரு கூட்டம் பெடியள் வருவார்கள். கதவுக்குள் பக்கவாட்டாக நுழைகிற உடம்பு. ஒரு தட்டில் எங்கள் வீட்டு இரண்டு நாள் சமையல் இருக்கும். ஒரு தமிழ்ப் பிள்ளை என்னை அன்ரி என்று கூப்பிட்டதைக் கேட்டு அவர்களும் அன்ரி என்றார்கள். அவர்களில் ஒருவன் வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்பான், "அன்ரி, கம் ரு த கேம்." ஒரு நாள் அவனுடைய கரைச்சல் தாங்காமல் ஓம் என்றுவிட்டேன். ஓம் என்றால் எனக்கு ஓம்தான். போனேன்.

மழை. ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் பச்சைச் சட்டைக்காரர் படுதோல்வி. பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். ஆனால் கடைசி நிமிடத்தில், இனி வெல்ல வழியே இல்லை என்று தெரிந்த பிறகும், என்னைக் கூப்பிட்டவன் முதல் நிமிடத்தில் மோதியது போலவே மோதினான். எனக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகு விதிகளும் விளங்கின. மூன்று தரம் தருவார்கள். அதற்குள் பத்து யார் முன்னே போகவேண்டும். போகாவிட்டால் பந்தை மற்றவனிடம் கொடுத்துவிட்டு நிற்கவேண்டும். நான் வாழ்ந்த வாழ்க்கைக்கு இதை விளங்கிக்கொள்வது பெரிய வேலையாக இருக்கவில்லை.

இவர் ஒரு மட்சும் பார்த்ததில்லை. கொண்டுபோய் விடுவார். கார் தரிப்பிடத்தில் சீற்றைச் சாய்த்துப் போர்வையைப் போட்டுக்கொண்டு, ஃபோனில் தமிழ் ரேடியோ கேட்பார். உள்ளே வாருங்கள் என்று கேட்டால், "ஆக்கள் அடிபடுறதைப் பாக்க நான் ஏன் காசு குடுக்கவேணும்? ஊரில சும்மா பாத்தது காணும்" என்பார். மட்ச் முடிய நான் அணியின் பஸ்ஸடிக்குப் போவேன். அலுமினியத் தட்டு நிறைய மட்டன் றோல்ஸ் கொண்டுபோயிருப்பேன். வென்றாலும் தோற்றாலும் பெடியள் அதை இரண்டு நிமிடத்தில் முடிப்பார்கள். அதன் பிறகு காரில் ஏறி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீடு வரும்வரைக்கும் நித்திரை கொள்வேன். இவர் எழுப்புவது மோர்னிங்சைட் சிக்னலில்தான்.

வருகிற பிள்ளைகள் நாலைந்து வருடத்தில் படித்து முடித்துப் போய்விடுவார்கள், புதுப் பிள்ளைகள் வருவார்கள். நான் விட்டுப் போகவில்லை. இளைப்பாறிய பிறகும் மட்சுகளை விடவில்லை. வேலையில் என் கடைசி வருடத்தில் முதலாம் வருடத்துக்கு வந்த ஒரு பிள்ளை இருந்தான். அவனை மனதுக்குள் பெரியவன் என்றுதான் கூப்பிடுவேன். முன்வரிசையில் நின்று மற்றவனை மறிப்பதுதான் அவனுடைய வேலை. பந்தைத் தொட்டதே இல்லை. இந்த வருடம் அவனுக்குக் கடைசி வருடம். கடைசி ஆட்டம் கிங்ஸ்ரனில்.

கோடையில் இவருக்குக் கண் போயிற்று. முழுக்கப் போகவில்லை. சீனி வருத்தம் கண்ணின் பின்பக்கத்தைத் தின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னார். பகலில் உருவம் தெரியும், இருட்டினால் வெளிச்சங்கள் மட்டும் தெரியும். இனி ஓடக்கூடாது. அன்றைக்கு வீட்டுக்கு நான்தான் காரை ஓடி வந்தேன், உள்றோட்டால். இவர் கார்த் திறப்பைச் சுவரில் இருந்த சாவிக் கொக்கியில் கொளுவிவிட்டுச் சொன்னார், "இனி உந்த மட்சுகளை விடும். பாத்தது காணும்."

எனக்கு வந்த கோபம். கண் போனவரோடு கோபிக்கலாமா என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். அழுகையும் வந்தது, அதையும் அடக்கினேன்.

எங்களுக்கு ஒரே மகன். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கி இருக்கிறான். அங்கே பால் வாங்குவதற்கும் கார் வேண்டும். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். ஞாயிறுகளில் வந்து எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவான், பின்னேரம் கொண்டுவந்து விடுவான். பத்து மணிக்கு வருகிறேன் என்பான், பன்னிரண்டாகும். நான் சேலை உடுத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பேன். இவரும் பக்கத்தில் இருப்பார். அந்த நேரம்தான் எனக்கு வயது போனது போல இருக்கும், மற்ற நேரம் இல்லை.

லண்டன் மட்ச் வந்தபோது மகனைக் கேட்டேன்.

"அம்மா, அந்த வீக்கெண்ட் நான் பிஸி. ஐ'ல் செற் இற் அப், ரீவியில லைவ்வா பாருங்க. சேம் திங் தானே."

ரீவியில் பார்த்தேன். படம் வரும், நிற்கும், வட்டம் ஒன்று சுற்றும். பெரியவனின் மேல் நாலைந்து பேர் விழுந்த இடத்தில் படம் நின்றது. அந்தப் பிள்ளை எழும்பினானா இல்லையா என்று தெரியாமல் நான் ரீவிக்கு முன்னால் எழும்பி நின்றேன். படம் திரும்ப வந்தபோது வேறு யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். சேம் திங் ஆம்.

அன்று இரவு குசினியில் நின்று தீர்க்கமாக யோசித்தேன். இந்த மட்சை மகனுக்கு நேரம் கிடைக்கும்வரை விட்டால், பிறகு கோயிலையும் விடவேண்டும், கடையையும் விடவேண்டும். கடைசியில் யாராவது வந்து தூக்கிப்போகும்வரை ஜன்னலடியில் இருக்கிற ஆளாகிவிடுவேன். கிங்ஸ்ரனுக்கு நானே போவது. போகமுடியாவிட்டால் காரை விற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது. நடுவில் ஒன்றும் இல்லை.

போவது சரி, எதனால் போவது? அதற்குப் பதில் என் வீட்டு முடக்கிலேயே கிடந்தது. நான் பஸ் ஏறுகிற றோட்டின் பெயர் கிங்ஸ்ரன் றோட். இத்தனை வருடமும் அந்தப் பலகையின் கீழ் நின்று குளிரில் விறைத்திருக்கிறேன், அது ஏன் கிங்ஸ்ரன் றோட் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. கிங்ஸ்ரனுக்குப் போகிற படியால்தான். ஹைவே வருவதற்கு முதல் சனங்கள் அதால்தான் போனார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஆனால் றோட் அறாமல் ஏரியோரமாகக் கிங்ஸ்ரன் வரைக்கும் போகிறது. முழுக்க உள்றோட். சிக்னல் இருக்கும், கடை இருக்கும், பயந்தால் ஓரம்கட்டலாம்.

இவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார். "அஞ்சு மணித்தியாலம் எடுக்கும்."

"எடுக்கட்டும். எனக்கென்ன அவசரம்."

"தனியப் போய் எங்கையாவது நடுறோட்டில நிண்டால் ஆர் வாறது?"

"நீங்கள் வாறதெண்டால் வாங்கோ. வராட்டி நான் தனியப் போறன்."

எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த திறப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

பழகினேன். முதலில் அதே றோட்டால் ஏஜெக்ஸ் வரைக்கும் போய்த் திரும்பினோம். அடுத்த கிழமை ஒஷாவா. அதற்கடுத்தது போமன்வில். இவர் பக்கத்தில் இருந்து, கண் தெரியாமலே, பிரேக் பிடியும், மெல்ல, மெல்ல, இப்ப இடப்பக்கம் பாரும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தார். ஒஷாவாவில் ஒரு இடத்தில் காரை ஓரம்கட்டி, "இனி ஒரு சொல்லுச் சொன்னீங்களெண்டால் உங்களை இதில இறக்கிவிட்டிட்டுப் போவன்" என்றேன். அதன் பிறகு சொல்லைக் குறைத்துப் பெருமூச்சைக் கூட்டினார்.

மட்ச் வந்த சனிக்கிழமை கந்தசஷ்டிக்குள் விழுந்தது. ஆறு நாளும் விரதம், பகலில் தண்ணீர் மட்டும், பொழுது பட்ட பிறகு பாலும் பழமும். மட்டன் றோல்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டு மரக்கறி றோல்ஸ் பொரித்தேன். ருசி பார்க்க முடியாது, அதனால் உப்பு முருகன் விட்ட வழி. விடிகிறதற்கு முன்னம் எழும்பி, குளித்து, இவருக்கும் எனக்கும் திருநீறு பூசி, றோல்ஸ் தட்டைப் பின்சீற்றில் வைத்து சீற்பெல்ற் போட்டுக் கட்டினேன். இவர் போர்வையையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டார், வழக்கம் போல கார் தரிப்பிடத்தில் படுக்கிற யோசனை.

போமன்வில் வரைக்கும் எனக்குப் பாடம். அதற்கு அப்பால் புது இடம். அப்பிள் தோட்டங்கள் வந்தன. பூசணிக்காய் குவித்து வைத்த பண்ணை வாசல்கள் வந்தன. இடப்பக்கம் தூரத்தில் 401 தெரியும்போதெல்லாம் லொறிகள் வரிசையாக ஓடுவதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, நீ உன் வழி, நான் என் வழி என்று ஓடிக்கொண்டிருந்தேன். சொன்னால் என்ன, சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடம் கட் பண்ணினவள் போல ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு சின்ன ஊருக்கு முன்னால் முடிந்தது. றோட்டுக்குக் குறுக்கே தடுப்பு. பாலம் திருத்துகிறார்கள். மாற்றுப்பாதை என்று ஒரு செம்மஞ்சள் பலகை, அதில் அம்புக்குறி. அம்புக்குறியின் வழியே போனால் எதிரில் பச்சைப் பலகை நிற்கிறது. 401 கிழக்கு.

அந்த ஏறுவழிக்கு முன்னால் ஒரு கோப்பிக் கடை இருந்தது. அதன் வளவுக்குள் காரைத் திருப்பி நிறுத்தினேன். ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே இருந்தேன்.

"என்ன நடந்தது?" என்றார்.

சொன்னேன்.

"சரி. இவ்வளவு தூரம் ஓடினதே பெரிய காரியம். திரும்புவம். உதில ஒரு வெக்கமும் இல்லை."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்கள் இருங்கோ," என்று சொல்லிவிட்டு இறங்கிக் கடைக்குள் போனேன். கோப்பி வாங்க நின்ற ஒரு வெள்ளைக்கார மனிசியிடம், ஹைவே எடுக்காமல் அடுத்த ஊருக்குப் போக வழி கேட்டேன். அந்த மனிசி என்னை மேலும் கீழும் பார்த்தாள். சேலைக்கு மேல் பச்சை ஜக்கெற், நெற்றியில் திருநீறு, தலையில் அணியின் பச்சைத் தொப்பி. ஏன் ஹைவே வேண்டாம் என்று கேட்டாள். "ஐ டோன்ற் லைக் இற்" என்றேன். "நானும் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு வெளியே வந்து கையை நீட்டி வழி காட்டினாள். வடக்கே போ, தண்டவாளத்தைத் தாண்டு, சிவப்புத் தானியக் கொட்டகையில் கிழக்கே திரும்பு, தேவாலயம் வந்ததும் தெற்கே இறங்கு.

அவள் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் சிவப்புக் கொட்டகை இரண்டு இருந்தது. முதலாவதில் திரும்பி, சரளைக் கல் றோட்டில் போய், ஒரு வீட்டு முற்றத்தில் நாய்களுக்கு நடுவில் நின்றோம். திரும்பி வந்து இரண்டாவது கொட்டகையைப் பிடித்தோம். போன நேரம் போனதுதான். கிங்ஸ்ரனில் மைதானத்தைக் கண்டபோது உள்ளே சனத்தின் சத்தம் கேட்டது. முதல் பாதி முடியப்போகிறது.

கார் தரிப்பிடத்தில் இவர் சீற்றைச் சாய்க்கக் கையை விட்டார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு உள்ள வாங்கோ," என்றேன்.

"எனக்கு உள்ள வந்தாலும் வெளிய இருந்தாலும் ஒண்டுதானே. ஒண்டும் தெரியாது."

"நான் சொல்லுறன். வாங்கோ."

என்ன நினைத்தாரோ, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குளிர்ந்த இரும்பு வாங்கில் பக்கத்தில் இருத்தி, நடந்ததை நடந்தபடி காதுக்குள் சொன்னேன். இப்போது பந்து எங்களிடம். இப்போது இரண்டாவது தரம். இப்போது பெரியவன் ஒருத்தனைத் தள்ளிக்கொண்டு போகிறான், பந்து வைத்திருக்கிறவன் அவனுக்குப் பின்னால் ஓடுகிறான். கொஞ்ச நேரத்தில் இவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். மறித்தவனுக்குப் பெயர் வராதோ? ஓடினவனுக்கு மட்டும்தான் கைதட்டோ? வராது, ஓடினவனுக்குத்தான் என்றேன். "உது என்ன நியாயம்," என்று கோபித்துக்கொண்டார். நாலாம் கால்பகுதியில் நடுவர் எங்களில் பிழை என்று கொடி எறிந்தபோது இவர் எழும்பி நின்று தமிழில் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதமுடியாது. எங்களுக்கு முன்னால் இருந்த பெடியன் ஒருவன் திரும்பிப் பார்த்து, ஏதோ நல்ல ஆதரவு வார்த்தை என்று நினைத்துப் பெருவிரலை உயர்த்தினான்.

கடைசி இரண்டு நிமிடம். நாலு புள்ளி பின்னால். மூன்றாவது தரம், ஒரு யார் போனால் போதும். பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கலாம், இல்லை அந்த ஒரு யாருக்கு மோதலாம். மோதினார்கள். பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு போனதைக் கண்டேன். எல்லோரும் ஒரு குவியலாக விழுந்தார்கள். நடுவர் ஒவ்வொருவராகக் கிளப்பிப் பார்த்தார். போதவில்லை. ஒரு அடி போதவில்லை. பந்து அவர்களிடம் போக, மிச்ச நேரமும் முடிந்தது.

"என்ன, என்ன?" என்றார் இவர்.

"தோத்துப் போனம்."

"சே," என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார். எனக்குக் கண் கலங்கியது. தோல்வி எனக்குப் பழக்கம்தான். ஆனால் பெரியவனுக்கு இனி ஆட்டம் இல்லை.

பஸ்ஸடியில் றோல்ஸ் தட்டோடு நின்றேன். பெரியவன் கடைசியாக வந்தான். முகம் சிவந்து, முழங்கையில் பிளாஸ்ரர்.

"அன்ரி. யூ மேட் இற்."

"மை லாஸ்ற் டே ஃபோர் யூ, ஹவ் கான் ஐ நொற் கம்," என்றேன், என் இங்கிலீசில்.

ஒன்றை எடுத்துக் கடித்தான். மென்றான். நின்றான். "வெஜ்?"

"ஃபாஸ்ரிங்," என்றேன்.

"ஓக்கே," என்று பெருமூச்சு விட்டான். பிறகு ஐந்து எடுத்துக்கொண்டு போனான். பஸ் படியில் நின்று திரும்பி, என் தோளுக்கு மேலாக இவருக்கும் கையைக் காட்டினான். இவருக்கு அது தெரியவில்லை. நான் சொல்ல, பஸ் போன பிறகு கையை ஆட்டினார்.

காரில் ஏற ஃபோன் அடித்தது. மகன். எப்படியோ அறிந்துவிட்டான். இவர் ரேடியோ கேட்கிற ஃபோனில் எங்களின் இடத்தைப் பார்க்கலாமாம்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? கிங்ஸ்ரனிலயா நிக்கிறீங்க? யார் ஓடினது?"

"நான்தான்."

"ஓ மை கோட். ஓக்கே, லிசின். இப்ப இருட்டப் போகுது. நீங்க அங்கேயே ஒரு ஹோட்டல் எடுங்க, நான் புக் பண்ணுறன். நாளைக்கு ஃப்ரெண்டோட வந்து, அவன் உங்கட காரை ஓடுவான், நான் உங்களைக் கூட்டிக்கொண்டு வாறன். ப்ளீஸ், அசையாதீங்க."

அசையாதே என்றான். பிள்ளையின் குரலில் பயம் இருந்தது, அது எனக்கு விளங்கியது. ஆனாலும் ஒரு ஹோட்டல் அறையில் இவரும் நானும் கட்டில் விளிம்பில் கைப்பையோடு இருந்து, அவன் வருவதைப் பார்த்திருப்பது அப்படியே கண்முன்னால் வந்தது.

"உனக்கேன் தம்பி கரைச்சல். நான் பாக்கிறன்," என்று சொல்லி வைத்தேன்.

நான் பாக்கிறன் என்று சொல்வது லேசு. வந்த வழியால் போவதென்றால் அந்தப் பாலம் மூடித்தான் கிடக்கும். விளக்கில்லாத பண்ணை றோட், இரண்டு சிவப்புக் கொட்டகை, இருட்டில் இரண்டும் கறுப்பு. பக்கத்தில் இருப்பவருக்கு இருட்டில் வெளிச்சங்களைத் தவிர ஒன்றும் தெரியாது. என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஹைவேயால போறன்," என்றேன்.

இவர் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். "அப்ப நான் சொல்லுறதைக் கேளும்," என்றார். "ஏறேக்க நடுவில யோசிச்சு நிக்கக்கூடாது. நிண்டால்தான் ஆபத்து. ஏறுவழியில இறங்கின உடன அக்சிலறேற்றரை அமத்தும். அவங்கட வேகத்துக்கு வந்திட்டு, கண்ணாடியைப் பாரும், தோளுக்கு மேலால பாரும், இடைவெளியில நுழையும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ."

"அவ்வளவுதான்."

முருகா என்றேன். அமத்தினேன். கார் இப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு லொறி, அதன் சில்லு என் ஜன்னல் உயரம். அதற்குப் பின்னால் ஒரு இடைவெளி. தோளுக்கு மேலால் பார்த்தேன். நுழைந்தேன். யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. யாரும் மோதவில்லை. நான் 401இல் ஓடிக்கொண்டிருந்தேன்.

முதல் கொஞ்ச நேரம் முன்னால் போன லொறியின் பின்விளக்கை மட்டும் பார்த்து ஓடினேன். பிறகு கவனித்தேன், எதிரே யாரும் வரவில்லை. சிக்னல் இல்லை, குறுக்கே ஓடுகிற பிள்ளை இல்லை, பஸ் இல்லை, இடப்பக்கம் திரும்புகிறவன் இல்லை. நேரே ஓடுவது ஒன்றுதான் வேலை. இதற்கா இவ்வளவு காலமும் பயந்தேன்? எனக்கு என்மேலேயே கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. இவருக்குச் சொல்வோம் என்று திரும்பினால் இவர் போர்வையை இழுத்து மூடி, வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை.

இத்தனை வருடமும் இந்த இடத்தில் நித்திரை கொண்டது நான். ஒரு நாளாவது அலுப்பாக இருக்கிறது என்று இவர் சொன்னதில்லை. என்னை நம்பிக் கண்ணை மூடுகிற அளவுக்கு இன்று நான் வந்திருக்கிறேன். ரேடியோவைக்கூடப் போடாமல், சத்தமில்லாமல் ஓடினேன்.

ஏஜெக்ஸ் தாண்ட றோட் அகன்றது. அங்கேதான் நான் பிழை விட்டேன். பிக்கரிங்கில் ஹைவே இரண்டாகப் பிரியும். மோர்னிங்சைட்டில் இறங்குகிறவர்கள் வலப்பக்கம், இறங்குவழிகள் உள்ள கலெக்டர் லேனுக்குள் போகவேண்டும், இல்லாவிட்டால் நேரே போகிற எக்ஸ்பிரஸில் இறங்க வழியில்லாமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். இவர் விழித்திருந்தால் சொல்லியிருப்பார். நான் ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டுக்கொண்டு ஓட, பிரிவு வந்து போய்விட்டது. மோர்னிங்சைட் என்ற பலகை தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் என்னைக் கடந்து போனதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

காலையில் என்றால் அழுதிருப்பேன். இப்போது பசி மட்டும்தான் இருந்தது. அடுத்த வழியில் கலெக்டருக்குள் மாறினேன். அங்கே இறங்கித் திரும்பலாம், உள்றோட்டால் வீட்டுக்குப் போகலாம். அப்போது 404 வடக்கு என்ற பலகை வந்தது. ஸ்ரௌவ்வில்லுக்குப் போகிற ஹைவே. மகன் எங்களைக் கூட்டிப்போகிற வழி. எத்தனையோ ஞாயிறு பின்சீற்றில் இருந்து இந்தப் பலகையைப் பார்த்திருக்கிறேன். சிக்னல் லைற்றைப் போட்டு, தோளுக்கு மேலால் பார்த்து, வடக்கே திரும்பினேன்.

மகன் வீட்டு வாசலில் கார் நின்றபோது இவர் விழித்தார்.

"வந்திட்டமோ?"

"வந்திட்டம். தம்பியின்ர வீடு."

"ஏன், என்ன நடந்தது?" என்று பயந்துபோனார்.

"ஒண்டும் நடக்கேல்லை. பசிக்குது."

மணி அடித்தேன். மகன் கதவைத் திறந்தான். கையில் ஃபோன். எங்களுக்கு ஹோட்டல் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் தகப்பனைப் பார்த்தான், வாசலில் நின்ற காரைப் பார்த்தான்.

"எப்பிடி வந்தீங்க?"

"ஹைவேயால."

"யார் ஓடினது?"

"எனக்குத் தெரியாது," என்றார் இவர். "நான் நித்திரை."

மேசையில் பாலும் வாழைப்பழமும் வைத்தான். நான் சாப்பிட்டு முடியும்வரை எதிரில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசுவான் என்று நினைத்தேன், ஏசவில்லை. கடைசியில், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆறுதலாகச் சொன்னான்.

"ஓக்கே அம்மா. இண்டைக்கு இஞ்ச படுங்க. நாளைக்கு நான் கொண்டுபோய் விடுறன்."

"என்னத்துக்கு?" என்றேன். "திறப்பு என்னட்ட இருக்கு."

நான் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துவாயில் கையைத் துடைத்தேன்.

"வாற வருசம் முதல் மட்ச் வின்சரில எண்டு சொல்லுறாங்கள். நீ ஃப்ரீயெண்டால் சொல்லு, பின்சீற்றில இடமிருக்கு. பத்து மணியெண்டால் பத்து மணிக்கு வாசலில நிக்கவேணும்."